பரிமளாவுக்காகப் பேசிய அம்சா

“நேத்து அவ வாசப்படியிலயே நின்னுக்கினு இருந்தா. உள்ள வாடின்னு ஒருத்தரும் கூப்புடல” என்று சொல்லிவிட்டு அம்சா தலைமுடியை அவிழ்த்து, நிதானமாக மறுபடி கொண்டை போட்டாள். கதை முக்கியமான கட்டத்துக்கு வந்தால் அவளுக்குக் கொண்டை அவிழ்ந்துவிடும். கொட்டகையில் மற்றவர்களின் கைகள் அப்படியே நின்றன.

திண்டிவனத்தில் எங்கள் வீட்டுப் பின்சுவரை ஒட்டி இருக்கிறது அந்தக் கொட்டகை. இயந்திரத்தில் போட்டால் பருப்பு பிளந்துவிடும் என்பதால், விதைக்கான மல்லாட்டையை, அதாவது நிலக்கடலையை, பெண்கள் உட்கார்ந்து கையால் உடைப்பார்கள். அம்சா கிளியனூரிலிருந்து பஸ்ஸில் வருகிறவள். நாற்பதைத் தாண்டிய ஒல்லி உடம்பு. டீயை நன்றாக ஆறவிட்டுத்தான் குடிப்பாள். கதையின் நடுவில் யாராவது தும்மிவிட்டால் அந்தக் காட்சியை முதலிலிருந்து ஆரம்பிப்பாள்.

அது 2012. பொழுது சாய்ந்தால் ஊர் ஊராகக் கரண்ட் போய்விடும். சீரியல் பார்க்க முடியாத பெண்களுக்கு மறுநாள் காலையில் அம்சாதான் சீரியல். துணி காயப்போடும் சாக்கில் பின்பக்கம் நின்று கேட்டுக்கொண்டிருந்த நான், ஒருநாள் வெட்கத்தை விட்டு, முறத்தை எடுத்துக்கொண்டு போய் அவர்களோடு உட்கார்ந்துவிட்டேன்.

கதாநாயகி பெயர் பரிமளா. மாமியார் துரத்துகிறாள், புருஷன் வாயைத் திறப்பதில்லை. அவள் படும் பாட்டுக்கெல்லாம் பெண்கள் உச்சுக்கொட்டினார்கள். ஆனால் எல்லாவற்றையும் அவள் பொறுத்துக்கொண்டே போகவேண்டும் என்பதிலும் பிடிவாதமாக இருந்தார்கள். ‘துன்ன சோத்துக்கு மேலயே உழைச்சிக் கொட்டிட்டேன்’ என்று மாமியாரிடம் பரிமளா கேட்டுவிட்டதாக அம்சா சொன்ன அன்று, கொட்டகையிலேயே மூத்தவளான ஜெயம்மாளுக்குக் கோபம் வந்துவிட்டது.

“குடும்பப் பொண்ணு பேசற பேச்சாடி இது? அழுதுக்கினே இருந்தாலும் அங்கியே கெடந்தாத்தான் அவ பொண்ணு.”

பாதிப் பேர் தலையாட்டினார்கள்.

ஒரு மாலை காய்கறி வாங்கிவிட்டு வரும்போது பஸ் நிறுத்தத்தில் அம்சாவைப் பார்த்தேன். எதிரே டீவி விற்கும் கடை. இன்வெர்ட்டரில் ஒரே ஒரு டீவி ஓடிக்கொண்டிருந்தது. மூடிய கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்று அம்சா பார்த்துக்கொண்டிருந்தாள். அருகில் போய் நின்றேன். உள்ளே வாய்கள் அசைந்தன. ஒரு சத்தமும் வரவில்லை.

“பேசறது உனக்கு எப்படிக் கேக்குது அம்சா?”

“கேக்காதுங்க. அவ பேரு கூட எனக்குத் தெரியாது. பரிமளான்னு நான்தான் வெச்சேன்.” கண்ணை எடுக்காமலே சொன்னாள். “அழுவுறது தெரியுதில்ல? எதுக்கு அழுவுறான்னு எனக்குத் தெரியாதாங்க?”

இத்தனை நாள் நான் மூச்சைப் பிடித்துக் கேட்ட பேச்செல்லாம் இவளுடையதா! அவளுடைய பஸ் வந்து போன பிறகும் நான் அங்கேயே நின்றிருந்தேன்.

அந்த வாரந்தான் ஜெயம்மாளின் மகள் ஷாலினி, வீங்கிய மணிக்கட்டோடு புருஷன் வீட்டிலிருந்து வந்து சேர்ந்தாள். “ஞாயித்துக்கெழம கொண்டுபோயி வுட்டுட்டு வரணும். ஊரு வாய்க்கு யாரு பதில் சொல்றது? பரிமளா பொறுத்துக்கல?” என்றாள் ஜெயம்மாள்.

மறுநாள் மேஸ்திரி வேங்கடேசன் சிரித்துக்கொண்டே வந்தார். அவர் வீட்டில் இன்வெர்ட்டர் உண்டு.

“ஒங்க சீரியல் பொண்ணு நேத்து புருஷன் கால்ல வுழுந்துட்டாம்மா! மன்னிச்சிருங்க, இனிமே எதுத்துப் பேச மாட்டேன்னுட்டா. அதான் பொம்பள.”

எல்லோரும் அம்சாவைப் பார்த்தார்கள். காலில் விழுவதற்கு வேறு என்ன வசனம் எழுத முடியும்?

“வுழுந்தா. நானும் பார்த்தேன்” என்றாள் அம்சா. “அப்ப அவ மூஞ்சி தரையில இருந்திச்சி. அத டீவில காட்டல. நான் சொல்றேன். எங்கம்மா என்னப் புருஷன் வூட்டுல திருப்பித் திருப்பிக் கொண்டுபோயி வுட்டுச்சி. நானும் அவன் கால்ல வுழுந்திருக்கிறேன். வுழுந்து கெடக்கறப்ப, ‘எழுந்திரி, நம்ம வூட்டுக்குப் போலாம்’னு எங்கம்மா சொல்லாதான்னு காதத் தீட்டிக்கினு கெடந்தேன். பின்னாலயேதான் நின்னுக்கினு இருந்திச்சி. சொல்லல.”

வேங்கடேசன் எதையோ தேடுவதுபோல வெளியே போய்விட்டார். அம்சா அழவில்லை. குரல்கூட உயரவில்லை. ஜெயம்மாள் குனிந்த தலையை நிமிர்த்தவே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை கழிந்தது. திங்கட்கிழமை காலை ஜெயம்மாளுக்குப் பின்னால் ஷாலினியும் வந்தாள், மணிக்கட்டில் துணி சுற்றியிருந்தது.

“வூட்டுல சும்மாத்தான் குந்திக்கினு இருக்குது. அதான் இட்டாந்தேன்” என்று பொதுவாகச் சொன்னாள் ஜெயம்மாள்.

அம்சா நகர்ந்து தன் பக்கத்தில் இடம் விட்டாள். ஷாலினி ஒற்றைக் கையால் ஒரு காயை அழுத்திப் பார்த்தாள், ஓடு உடையவில்லை. அம்சா ஒரு மல்லாட்டையை எடுத்து, விரிசல் விடும் அளவுக்கு மட்டும் நசுக்கி, பருப்பை எடுக்காமல் அந்தப் பெண்ணின் முறத்தில் போட்டாள். பிறகு இன்னொன்று. பிறகு இன்னொன்று.