இரண்டு சீட்டு

ஐம்பத்திரண்டு வயதில் இரண்டு பேர் மட்டும் உட்காரக்கூடிய கார் வாங்கினேன். "அற்பனுக்கு வாழ்வு வந்தால்னு சும்மாவா சொன்னாங்க" என்றாள் மனைவி. மிச்சத்தை அவள் சொல்லவில்லை. பூசைக்கும் வரவில்லை.

எங்கள் பக்கத்தில் புது வண்டி என்றால் குடும்பமே ஏறிக்கொண்டு ரப்பர் தோட்டத்து மாரியம்மன் கோயிலுக்குப் போக வேண்டும். சக்கரத்துக்கு ஒன்றாக எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி, தேங்காய் உடைத்த பிறகுதான் அது நம்முடைய வண்டி. முன் சீட்டில் வீட்டின் மூத்த பெண் உட்கார வேண்டும். சின்னக் காரில் ஒன்பது பேர் நெருக்கியடித்துக்கொண்டு போன குடும்பங்களை எனக்குத் தெரியும். அந்த ஊரில் பிறந்துவிட்டு, காரை முன்பதிவு செய்த அன்று இது எனக்கு நினைவுக்கே வரவில்லை. நிறத்தைப் பற்றி மட்டும் இரண்டு வாரம் யோசித்தேன்.

எங்கள் வீட்டின் மூத்த பெண் என் அக்கா. அப்பா இறந்தபோது அவளுக்குப் பதினேழு வயது. தோட்டத்தை விட்டுத் தொழிற்சாலைக்குப் போனாள். இருபத்தாறு வருடம், பன்னிரண்டு மணி நேர ஷிப்டு, நின்றுகொண்டே வேலை. அதில்தான் நான் பல் மருத்துவம் படித்தேன். அவள் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று நான் ஒருமுறைகூடக் கேட்டதில்லை. கேட்டால் பதில் சொல்லிவிடுவாளோ என்று பயம்.

ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்குத் தெங்கேராவில் அவள் வீட்டு வாசலில் காரை நிறுத்தினேன். நாலரைக்கு ராகு காலம் தொடங்குவதற்குள் பூசை முடிய வேண்டும். பட்டுப்புடவை கட்டி, தேங்காய்த் தட்டோடு தயாராக நின்றாள். காரை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள்.

"அழகா இருக்குடா. என்ன இவ்ளோ கீழ இருக்கு?"

கதவைத் திறந்துவிட்டேன். ஒரு காலை உள்ளே வைத்தாள். மற்ற முழங்கால் மடங்கவில்லை. திரும்பி நின்று பின்புறமாக உட்காரப் பார்த்தாள். பாதி தூரம் இறங்கியதும் வலியில் அவள் முகம் மாறியது. நான் பிடித்துத் தூக்கிவிட்டேன். மூன்று முறை முயன்றோம். தெருவில் இரண்டு பேர் நின்று காரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், அக்காவை அல்ல.

"விடு தம்பி. அங்கிள் வேன்ல வரேன். நீ முன்னால போ" என்றாள். அங்கிள் என்றது பக்கத்து வீட்டுச் சீனரை. சந்தைக்குக் காய்கறி ஏற்றும் பழைய வேன் அவருடையது. அவர் ஒன்றும் கேட்காமல் சாவியை எடுத்து வந்தார், அவள் ஏறுவதற்கு ஒரு முக்காலியும் போட்டார்.

நான் முன்னால் போனேன். கிளேபாங் தாண்டியதும் சாலை காலியாக இருந்தது. லேசாக அழுத்தினேன். முதுகு சீட்டோடு ஒட்டிக்கொண்டது. பொய் சொல்வானேன், என் வாழ்க்கையில் அப்படி ஒரு சுகத்தை நான் அனுபவித்ததில்லை. மனசாட்சி உறுத்த வேண்டிய நேரம் அது. உறுத்தவில்லை. அக்கா ஏறியிருந்தால் மெதுவாகப் போ, மெதுவாகப் போ என்று சொல்லிக்கொண்டே வந்திருப்பாள் என்றுதான் தோன்றியது. நல்லவேளை என்றுகூட நினைத்தேன்.

தோட்டத்துக்குத் திரும்பும் முனை வந்தது, நான் திரும்பவில்லை. வேன் வந்து சேர எப்படியும் நேரமாகும், கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டு வரலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அந்தக் கொஞ்ச தூரம் கோலா சுங்கை பாரு வரைக்கும் போனது. அங்கே மீன் வாங்க வந்தவர்கள் காரோடு படம் எடுத்துக்கொள்ளக் கேட்டார்கள். சரி என்றேன். நானும் பக்கத்தில் நின்று சிரித்தேன்.

கோயிலுக்கு வந்தபோது மணி நாலு நாற்பது. வேன் எப்போதோ வந்துவிட்டிருந்தது. அக்கா வெயிலில் தட்டோடு நின்றுகொண்டிருந்தாள். அந்தக் கோயிலில் உட்கார்வதற்குப் படி மட்டும்தான். படியில் உட்கார்ந்தால் அவளால் எழுந்திருக்க முடியாது.

"ராகு காலம் வந்திருச்சிங்க. இனிமே ஆறு மணிக்குத்தான்" என்றார் பூசாரி.

நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா முந்திக்கொண்டாள். "கிளேபாங்ல ஜாம் லா சாமி. ஞாயித்துக்கெழமைன்னா எல்லாரும் கோக்கனட் ஷேக் குடிக்க வந்துர்றாங்க."

அதே சாலையில் அவளை வேனில் ஏற்றி வந்த அங்கிள் பக்கத்தில்தான் நின்றார். தமிழ் அவருக்கு நன்றாகவே புரியும். ரப்பர் மரங்கள் இருந்த பக்கமாகப் பார்க்கத் தொடங்கினார்.

பூசாரி உள்ளே போனார். அக்கா குரலைத் தாழ்த்தி, "நல்லா ஓடுதாடா?" என்று கேட்டாள்.

"நல்லா ஓடுதுக்கா" என்றேன். குரலில் இருந்த சந்தோஷத்தை என்னால் மறைக்க முடியவில்லை.

"அப்ப சரி."

ஆறு மணிக்கு இன்னும் ஒரு மணி நேரத்துக்கு மேல் இருந்தது. காரில் சாய்ந்து நிற்கலாம் என்று நினைத்தாள் போலிருக்கிறது, தட்டை ஒரு கைக்கு மாற்றிக்கொண்டு மற்றக் கையை நீட்டினாள். அந்தக் கையில் வளையல்கள் இருந்தன. பாதியில் நிறுத்திக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"கோடு விழுந்துருமோ?"

பரவாயில்லக்கா, சாஞ்சுக்க. அதைச் சொல்ல எவ்வளவு நேரம் ஆகும். நான் அவள் வளையலைப் பார்த்தேன், பெயிண்டைப் பார்த்தேன். அவள் மெல்ல நடந்து போய்க் காய்கறி வேனில் சாய்ந்துகொண்டாள்.