தனிப் பீங்கான்

என் தங்கச்சிக்குத் தைரியம் சொல்வதை ஓர் உத்தியோகம் போலவே பார்த்துவந்தேன். மார்பில் கட்டி கண்டு, அறுத்து, மருந்து ஏற்றி, கதிரும் கொடுத்து முடித்து, மூன்று கிழமைக்கு ஒருதரம் ஓர் ஊசி என்று இரண்டாவது வருடம் ஓடிக்கொண்டிருந்தது. அவளுடைய கணவர் கத்தாரில். எனக்குக் கணவர் மவுத்தாகிப் பத்து வருடம், பிள்ளையும் இல்லை. கண்டக்குழிக் கடற்கரையில் அடுத்தடுத்த வீடுகளில் நாங்கள் இரண்டு பேர்தான். அவளும் போய்விட்டால் எனக்கு ஒருவரும் இல்லை. இந்தப் பயத்தை மறைக்கத்தான் அவ்வளவு தைரியம் சொன்னேனோ என்னவோ.

கொழும்புப் பக்கத்து ஆஸ்பத்திரியில் எல்லாம் சிங்களம். அவளுக்கு அது அவ்வளவாக விளங்காது. சிலாபத்தில் படிப்பித்த காலத்தில் நான் பழகிக்கொண்டேன். ஆகவே டொக்டர் சொல்வதெல்லாம் என் வாய் வழியாகத்தான் அவளிடம் போகும்.

மருந்து ஏற்றிய நாட்களில் இரத்தத்தில் வெள்ளணு குறைந்துவிட்டது. மற்றவர்களோடு ஒரே தட்டில் கைபோட்டுச் சாப்பிட வேண்டாம், தொற்று வந்தால் தாங்கமாட்டாள் என்றார் டொக்டர். எங்கள் விருந்துகளில் சஹன்தானே. பெரிய தட்டில் சோறு, சுற்றி ஆறு பேர். நடுவில் இருக்கும் இறைச்சியை ஒருத்தி பிய்த்து மற்றவர்களின் பக்கம் தள்ளிவிடுவாள், தனக்குக் கடைசியில் எடுப்பாள். அந்த வட்டத்திலிருந்து தங்கச்சியை நான் எழுப்பினேன். ஊரில் வீடு வீடாகப் போய்ச் சொல்லியும் வைத்தேன். சட்டம் போடுவதில் எனக்கு எப்போதும் ஒரு ருசி உண்டு.

சில மாதம் கழித்து, இரத்தம் நன்றாகத் தேறிவிட்டது, இனி எல்லோரோடும் இருந்து சாப்பிடலாம் என்று டொக்டர் சிரித்துக்கொண்டே சொன்னார். “என்னவாம் ராத்தா?” என்று தங்கச்சி என் கையைப் பிடித்துக் கேட்டாள். “எல்லாம் சரியாம், ஊசியத் தொடரட்டாம்” என்றேன். மற்றதைச் சொல்லவில்லை. ஊரில் எத்தனை பேருக்குத் தடிமன், இருமல். இன்னும் கொஞ்சக் காலம் கவனமாக இருந்தால் என்ன குறைந்துவிடும் என்று நானே முடிவெடுத்துக்கொண்டேன். அந்தக் கொஞ்சக் காலம் ஏழு மாதமாக நீண்டது.

பிறகு ஒரு கல்யாண வீட்டு வலீமா விருந்து வந்தது. பெண்கள் பாயில் வட்டம் வட்டமாக இருந்தார்கள். தங்கச்சி மூலையில் ஒரு கதிரையில், மடியில் தனிப் பீங்கானில் சோற்றோடு இருந்தாள். அவளுக்குப் பக்கத்தில் இருந்த பெண் தன் பிள்ளையை மெதுவாக இழுத்து மறுபக்கம் இருத்தியதைக் கண்டேன். நான் சொன்னது தங்கச்சிக்குத் தொற்றும் என்று. ஊர் விளங்கிக்கொண்டது அவளிடமிருந்து தொற்றும் என்று. பீங்கானை எடுக்கப் போனபோது சோறு முடிந்திருந்தது, இறைச்சித் துண்டு அப்படியே கிடந்தது. “பசியில்லையா?” என்றேன்.

“வெரல் மரத்துப் போயிருக்கு ராத்தா. பிய்க்க ஏலாது.”

மருந்து ஏற்றியதிலிருந்து அவள் விரல்கள் அப்படித்தான். வட்டத்தில் இருந்திருந்தால் யாராவது பிய்த்துத் தள்ளியிருப்பார்கள், கேட்க வேண்டியே வந்திராது. எனக்கு அங்கேயே அழுகை வந்தது. அடக்கிக்கொண்டு பீங்கானைக் கழுவப் போனேன்.

வீட்டுக்கு வந்ததும் சொன்னாள்: “நான் இனி ஊசிக்கு வரமாட்டன்.”

விசர்க் கதை கதைக்காதே என்று சத்தம் போட்டேன். கெஞ்சினேன். கத்தாருக்குக் கோல் எடுத்து அவள் கணவரையும் கதைக்க வைத்தேன். ஒன்றும் சரிவரவில்லை. நாலு நாள் அவள் கதவு சாத்தியே இருந்தது. காற்றுக்காலம் அது. வெள்ளைக்காரர்கள் பெரிய பட்டத்தைப் பிடித்துக்கொண்டு கடலில் வழுக்கித் திரிந்தார்கள். நான் என் வாசலில் இருந்து அவள் கதவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். செவ்வாய்க்கிழமை ஊசி. இடையில் விட்டால் என்ன ஆகும் என்று டொக்டர் முதலிலேயே சொல்லியிருந்தார். அதை மட்டும் ஒரு சொல் விடாமல் அவளுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை புரியாணி ஆக்கி, நாலு வீட்டுப் பெண்களைச் சாப்பிட வரச் சொன்னேன். இனி ஒரு தடையும் இல்லை, அந்த நோய் யாருக்கும் தொற்றாது என்று விளக்கினேன். நால்வரும் ஓம் என்றார்கள். பகல் லுஹர் தொழுகை முடிந்து வெகுநேரமாகியும் ஒருத்தியும் வரவில்லை. ஒருத்திக்குத் தலையிடியாம். மற்றவர்கள் அதுவும் சொல்லி அனுப்பவில்லை. நான் போய்த் தங்கச்சியின் கதவைத் தட்டி, கையைப் பிடித்து இழுக்காத குறையாகக் கூட்டிவந்தேன். ஆறு பேர் சஹனுக்கு இரண்டு பேர் இருந்தோம். இறைச்சியைப் பிய்த்து அவள் பக்கம் தள்ளினேன். அவள் கையை வைக்கவில்லை.

“டொக்டர் வேணாமெண்டாங்களே?”

“டொக்டர் எப்பவோ ஓமெண்டுட்டாங்க. ஏழு மாசமாகுது. நான்தான் ஒனக்குச் சொல்லல்ல. பயத்தில.”

ஏசுவாள் என்று காத்திருந்தேன்.

“எனக்குச் சொகமாகல்ல, அதுதான் தடைய எடுக்கல்ல எண்டு நெனச்சன். நீங்க தைரியம் சொல்லச் சொல்ல, என்னமோ மறைக்கிறீங்க எண்டு விளங்கிச்சு. எப்படியும் மவுத்துத்தானே, பொறகு எதுக்கு ஊசி எண்டுதான்...”

ஏழு மாதமாக அந்த வீட்டில் தன் மவுத்தோடு அவள் தனியாக இருந்திருக்கிறாள். அடுத்த வீட்டில் நான் யாசீன் ஓதிக்கொண்டும், பத்தியச் சோறு ஆக்கிக்கொண்டும் இருந்திருக்கிறேன். இன்னொரு துண்டைப் பிய்த்து அவள் பக்கம் தள்ளினேன்.

அவள் பிஸ்மி சொல்லிக் கையை வைத்தாள். பிய்த்துத் தள்ளிய இறைச்சியை மரத்த விரல்களால் கூட்டியெடுத்து, மெதுவாகச் சாப்பிட்டாள்.

“செவ்வாக்கெழம வாறன்” என்றாள். “டொக்டர் என்ன சொன்னாலும் அப்பிடியே எனக்குச் சொல்லுங்க ராத்தா. நல்லதையும்.”