ஆவடி நேரம் காட்டிய கடிகாரம்

தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. ஆவடியில் தொழிற்சாலைக் குடியிருப்பில் வளர்ந்தவள் நான். கேட்டரிங் படித்துவிட்டு, அமெரிக்காவிலிருந்து புறப்படும் ஒரு சுற்றுலாக் கப்பலின் சமையலறையில் காய்கறி நறுக்கும் வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. வாராவாரம் மெக்சிகோவின் ஒரு தீவில் கப்பல் நிற்கும். அங்கே ஒரு பகலில் நடந்ததைத்தான் சொல்லப் போகிறேன்.

நான் கப்பலுக்குப் போகிறேன் என்றதும் எங்கள் குடியிருப்பே கூடிப் பேசியது. பொம்பளைப் பிள்ளைக்குக் கப்பலில் என்ன வேலை என்றார்கள். அப்பா சுருக்கமாக முடித்தார். "ஆறு மாசம் தாங்க மாட்டே. பாதியில திரும்பி வருவே பாரு." பெட்டியில் துணிக்கு முன்னால் நான் அடுக்கியது அந்தப் பேச்சைத்தான்.

ஏறிய அன்றே எல்லோரையும் கைக்கடிகாரத்தைக் கப்பல் நேரத்துக்கு மாற்றச் சொன்னார்கள். நான் மாற்றவில்லை. கேரட் நறுக்கிக்கொண்டே, இப்போது அம்மா பால் காய்ச்சிக்கொண்டிருப்பாள், தம்பி ரயிலைப் பிடிக்க ஓடிக்கொண்டிருப்பான் என்று நினைத்துக்கொள்வது எனக்குப் பிடித்திருந்தது. அங்கே இரவென்றால் இங்கே பகல், ஆனாலும் முள் காட்டுவதோடு ஒன்றரை மணி நேரம் கூட்டினால் கப்பல் நேரம், அவ்வளவுதானே?

சலவைப் பிரிவில், ஆவடிக்குப் பக்கத்தில் இருக்கும் பாடி என்ற ஊர்க்காரர் ஒருவர் இருந்தார், எனக்கு அவர் பாடிக்காரர். ஆறு வருட அனுபவசாலி. பார்க்கும்போதெல்லாம், "இன்னா தங்கச்சி, இன்னும் ஆவடி டைம்லயே கீறியா?" என்று சிரிப்பார்.

கரையில் இறங்க அனுமதி கிடைத்தால் எங்கள் ஊழியர்கள் செய்வது ஒன்றுதான். துறைமுக வாசலில் இருக்கும் தொலைபேசிக் கூண்டுகள் முன்னால் வரிசையில் நிற்பார்கள், ஊருக்குப் பேசுவார்கள், திரும்பி ஏறிவிடுவார்கள். அன்று நான் வரிசையைத் தாண்டி நடந்தேன்.

"ஏம்மா, எங்க போறே? மூணரைக்கு மேல ஒரு நிமிஷம் லேட்டானாலும் பெட்டியக் கட்டி ஊட்டுக்கு அனுப்பிடுவான்" என்றார் பாடிக்காரர்.

"மார்க்கெட்டுக்குண்ணா. இவ்ளோ தூரம் வந்து போன் பூத்தையா பாத்துட்டுப் போறது?"

சந்தையில் நுழைந்ததும் நின்றுவிட்டேன். எங்கள் குடியிருப்பில் தண்டவாள ஓரம் ஆடுகூடத் தொடாமல் வளர்ந்து கிடக்குமே சப்பாத்திக்கள்ளி, அதை அங்கே கட்டுக்கட்டாக அடுக்கிக் காய்கறியாக விற்றுக்கொண்டிருந்தார் ஓர் அம்மாள். கத்தியைப் படுக்கவைத்து ஒரே இழுப்பில் முள்ளையெல்லாம் சீவினார். மூன்று மாதமாகக் கத்தி பிடிப்பவள் நான், எனக்கே அது புதிது. அவர் சிரித்து, கத்தியை என் கையில் திணித்தார். குத்துப்பட்டுக் குத்துப்பட்டுக் கற்றுக்கொண்டேன். எதிர்ச் சுவரில் பெரிய கடிகாரம். இரண்டு மணி ஆக இன்னும் ஐந்து நிமிடம். நேரம் நிறைய இருக்கிறது என்று அடுத்த மடலை எடுத்தேன்.

கள்ளியின் வழவழப்பு என் கைக்கடிகாரத்தில் வழிந்தது. துடைக்கும்போதுதான் பார்த்தேன். ஒன்று இருபத்தைந்து. ஒன்றரை கூட்டினால் இரண்டு ஐம்பத்தைந்து.

கத்தியைக் கீழே வைத்தேன். சுவர்க் கடிகாரம் காட்டுவது அந்த ஊர் நேரம், கப்பல் நேரத்துக்கு ஒரு மணி பின்னால். கப்பல் தன் நேரத்தை எந்த ஊருக்காகவும் மாற்றிக்கொள்வதில்லை. காலையில் ஊழியர் பலகையில் அதை எழுதிப் போட்டிருந்தார்கள். இறங்கும் அவசரத்தில் நான் படிக்கவில்லை. மிச்சம் முப்பத்தைந்து நிமிடம். அப்பா சொன்னது மெக்சிகோவில் பலிக்கப் போகிறதா?

அந்த அம்மாளுக்கு என் மொழி தெரியாது. கடிகாரத்தைக் காட்டினேன், கடல் பக்கம் காட்டினேன், கப்பல் மாதிரி ஊதிக் காட்டினேன். அவர் வாசலைப் பார்த்து ஒரு குரல் கொடுத்தார். வந்தது நம்மூர் மீன்பாடி வண்டியேதான். முன்னால் பெட்டி, பின்னால் மிதிப்பவர். தக்காளிக் கூடைகளை இறக்கிவிட்டு என்னை ஏற்றினார்கள். வேகத்தடை வந்த இடத்திலெல்லாம் குதித்து இறங்கித் தள்ளினேன். மூச்சு வாங்க வண்டிக்காரர் என்னவோ சொல்லிச் சிரித்தார். நானும் தமிழில் திட்டிச் சிரித்தேன்.

மூன்று இருபத்தெட்டுக்கு ஏணிப்படியில் கால் வைத்தேன். மேலே பாடிக்காரர், முகம் வெளுத்து நின்றார்.

"இன்னாம்மா, ஊர் பாத்தாச்சா? புத்தி வந்துச்சா?"

"வந்துச்சுண்ணா. அடுத்த வாரம் அரைமணி முன்னாடியே திரும்பிடுவேன்."

"அடுத்த வாரமுமா?" என்றவர் என் கையைப் பார்த்தார். முள் குத்திய இடமெல்லாம் சிவந்திருந்தது. "நானும் வரவா? ஆறு வருஷமா அந்த போன் பூத்துக்கு அந்தாண்ட போனதில்ல" என்றார்.

போனோம். பலகையில் எழுதியிருந்ததை இரண்டு முறை படித்துவிட்டுத்தான் போனோம். ஆறு மாதத்தையும் முடித்து, மறுபடியும் ஒப்பந்தம் போட்டுக்கொண்டேன். இன்றும் கடிகாரத்தை மாற்றவில்லை. பலகையைப் படிக்காதது என் தப்புதான், மறுக்கமாட்டேன். ஆனால் அன்று வரிசையைத் தாண்டி நடந்தது தப்பென்று யார் சொன்னாலும் ஒப்புக்கொள்ள மாட்டேன்.