இழைப்புளியின் மேசைக்கு வராதது

பம்ப் கம்பெனியில் அவருக்கு, மரத்தைச் சீவும் தச்சுக் கருவியான இழைப்புளி என்று பட்டப்பெயர். எந்த வரைபடமும் அவர் மேசைக்குப் போனால் ஒரு சுற்று இளைத்துத்தான் திரும்பும். இங்கே எதற்கு இவ்வளவு இரும்பு என்று சிவப்புப் பேனாவால் சுழித்துவிடுவார். யாராவது முணுமுணுத்தால், மேசையில் வைத்திருக்கும் கொக்கின் இறக்கை எலும்பை எடுத்து நீட்டுவார். நடுவே பிளந்த எலும்பு. உள்ளே காலி, வளையாமல் தாங்க மட்டும் ஊசி ஊசியாகச் சில குறுக்குத் தாங்கல்கள். பறவையோ மிருகமோ, உடம்பில் வேண்டாதது ஒரு துளியும் கிடையாது என்பது அவருடைய வேதவாக்கு. வீட்டிலும் இதே பாட்டுதான். விருந்தாளிக்கென்று ஒரு தலையணை கூடுதலாக வாங்க அவர் மனைவி ஒரு மாதம் மல்லுக்கட்ட வேண்டியிருந்தது.

அந்த வேதவாக்கே ஒருநாள் அவர் கழுத்தைப் பிடித்தது. தாய்க்குத் தாயாக இருந்து அவரை வளர்த்த அக்காவுக்கு இரண்டு சிறுநீரகமும் கைவிட்டன. வீட்டில் பொருந்தியது இவருடையது மட்டும். தருகிறேன் என்று தலையாட்டிவிட்டார். ஆனால் மருத்துவமனை தேதி கொடுத்தபோதெல்லாம் சளி என்றார், ஆபீசில் ஆள் இல்லை என்றார். அக்கா நாளுக்கு நாள் வீங்கிக்கொண்டிருந்தாள்.

பாவம், கல்நெஞ்சக்காரர் இல்லை. பயந்துபோயிருந்தார். வீண் என்பதே இல்லாத உடம்பில் ஒன்றைக் கழற்றினால் மீதி எப்படி ஓடும்? இதை மனைவியிடம் சொல்லக்கூட வாய் வரவில்லை.

அவள்தான் கையைப் பிடித்து டாக்டர் முன்னால் உட்கார வைத்தாள். அங்கே மனதில் இருந்ததையெல்லாம் கொட்டிவிட்டார். டாக்டர் பொறுமையாகக் கேட்டார். ஒன்றே போதும், மிச்சமிருப்பது கொஞ்சம் பெருத்து வேலையைப் பார்த்துக்கொள்ளும், ஆட்டுக்கும் மாட்டுக்கும்கூட அப்படித்தான் என்றார். சோறு இறங்குவதும் மூச்சு போவதும் தொண்டையில் ஒரே வழி, புரையேறுவது அதனால்தான் என்று உடம்பின் கோளாறான அமைப்புகளையும் சொன்னார். இழைப்புளிக்கு முகம் சுண்டிவிட்டது.

"அப்ப ஒண்ணு சும்மாவா இருக்கு?"

"சும்மா இல்ல சார். ஒண்ணு போனாலும் ஆளு நிக்கணும்ல."

மறுவாரமே போய்ப் படுத்தார்.

ஆபரேஷன் முடிந்து நடக்க ஆரம்பித்ததும் அக்காவின் கட்டிலுக்குப் போனார். வீக்கம் வடிந்து அவள் முகம் பழையபடி இருந்தது. தேதி தள்ளிப்போன காரணத்தை ஒளிக்காமல் சொன்னார். அவள் தையலைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"நல்லவேளைடா, நம்ம உடம்பு உன் மேசைக்கு வரல. வந்திருந்தா முதல்ல அந்த ரெண்டாவதைத்தான் சுழிச்சிருப்ப."

ஆமாம் என்றார் அவர்.