தேள் பச்சை குத்திய கை

எண்பதுகளின் தொடக்கத்தில், தொழுநோய் பார்க்க ஜவ்வாது மலைக்கு ஏறும் மருத்துவ வேனில் நான்தான் போட்டோகிராபர். தோலில் விழும் தேமலை மிகக் கிட்டத்திலிருந்து படமெடுப்பது என் வேலை. லென்ஸைச் சுற்றி வளையமாக மாட்டும் ஃபிளாஷ் ஒன்று புதிதாக வந்திருந்தது. நிழலே விழாது, மயிர்க்கால் வரை தெரியும். அது கைக்கு வந்ததும் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் வந்தது.

ஜமுனாமரத்தூருக்குப் பக்கத்து ஊர்ப் பெண் ஒருத்தி, விறகுக்குப் போவதாக வீட்டில் சொல்லிவிட்டு மாத்திரைக்கு வருவாள். முழங்கைக்குக் கீழே வெளிறிய தேமல்.

"மூஞ்சி வேணாம் சார். வூட்ல தெரிஞ்சா சேக்க மாட்டாங்க."

"கைய மட்டும்தாம்மா எடுப்பேன். யாருன்னு ஒருத்தருக்கும் தெரியாது."

மனதாரத்தான் சொன்னேன். ஆனால் தேமலுக்கு விளிம்பே இல்லை, ஃபோகஸ் நிற்கவில்லை. பக்கத்தில் பச்சை குத்தியிருந்த தேளின் மேல் ஃபோகஸைப் பிடித்துக்கொண்டேன். கோடு கோடாக, கொடுக்கில் மூன்று புள்ளியோடு அருமையாக விழுந்தது. பிரிண்ட் போடும்போது தேளை வெட்டியிருக்கலாம். அழகாயிருக்கிறதே என்று விட்டுவிட்டேன். அழகாம்!

நோய் குணமாகும் என்று சொல்லும் தட்டிகளோடு அந்தப் படத்தையும் பெரிதாக்கி வாரச் சந்தையில் வைத்தோம். சாமைக் காட்டில் சேர்ந்து களையெடுக்கும் பெண்களுக்கு ஒருத்தி கை இன்னொருத்திக்கு மனப்பாடம் என்பது எனக்கு உறைக்கவில்லை.

"ஏய், இது நம்ம மேலூரு மருமவ கை இல்ல?"

நான் தட்டியைக் கழற்றுவதற்குள் கூட்டம் கூடிவிட்டது.

இரண்டு மாதம் அவள் வரவில்லை. காட்டுக் கொட்டாயில் தனியாக விட்டுவிட்டார்கள் என்று கேள்விப்பட்டேன். மூன்றாம் மாதம் வந்தாள். தேமல் மங்கியிருந்தது. தேள் இருந்த இடம் வெந்து, தடித்துக் கிடந்தது.

"இன்னாம்மா இது?" என்றார் டாக்டர்.

"சேங்கொட்டப் பாலு வச்சிப் பச்சையச் சுட்டுக்கினேன். அது என் கையே இல்லன்னு சொல்லலாம்னு பாத்தேன். யாரும் நம்பல."

பதிவுக்கு ஒரு படம் வேண்டும் என்றார் டாக்டர். அவளே கையை நீட்டினாள்.

"எடுங்க சார். இப்ப யாருன்னு ஒருத்தருக்கும் தெரியாது."

எடுத்தேன். புண்ணுக்கு நல்ல விளிம்பு இருந்தது. ஃபோகஸ் உடனே நின்றது.