வாசிப்பறைக்குள் ஏறிய கடல்

எங்கள் நூலகத்தில் ஜெயரூபி அக்கா இருக்கும்வரை யாரும் வாய் திறக்க முடியாது. கைபேசி மணி அடித்ததற்காகப் பாடசாலை அதிபர் ஒருவரையே வெளியே அனுப்பியவர். அவர் உதட்டில் விரல் வைத்தால் மழைகூட மெல்லப் பெய்யும் என்று நாங்கள் பகிடி விடுவோம். கடற்கரைக் கிராமமான சல்லியிலிருந்து சைக்கிளில் வருவார். அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதே இல்லை.

சென்ற மாதம் சிறுவர் பகுதிக்குப் புதுத் தொழில்நுட்பம் ஒன்று வந்தது. புத்தகப் பக்கத்துக்கு நேரே டெப்லெட்டைப் பிடித்தால், படத்தில் உள்ளது நம் அறைக்குள்ளேயே நிற்பதுபோலத் திரையில் தெரியும். பொருத்த வந்த இளைஞன் யானையைக் காட்டினான், மயிலைக் காட்டினான். பிறகு டெப்லெட்டை அக்காவிடம் கொடுத்துவிட்டு, கடல் படம் உள்ள பக்கத்தைத் திருப்பினான். திரையில் எங்கள் தரையெங்கும் நீர் பரவி, கதிரைக் கால்களை மூடி, மேசைவரை ஏறியது. பிள்ளைகள் கைதட்டினார்கள்.

"கடல் வருது! ஓடுங்கோ!"

கத்தியது அக்காதான். டெப்லெட்டைப் போட்டுவிட்டு, பக்கத்தில் நின்ற யாரோ ஒரு பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மாடிக்கு ஓடினார். எனக்குச் சிரிப்பு வந்தது. அதற்குள் பத்திரிகைப் பகுதியில் கதிரைகள் விழுந்தன. திரையைப் பார்த்தே இராத பெரியவர்கள் எல்லோரும் படியில் முண்டியடித்தார்கள். சுனாமியைக் கண்ட ஊருக்கு அந்த இரண்டு சொல் போதும்.

"அக்கா, அது வெறும் படம். பிள்ளையள் பாத்துச் சிரிக்கினம்," என்றான் இளைஞன், கீழே நின்று.

தூக்கிய பிள்ளையை இறக்கிவிடாமலே அக்கா சொன்னார்:

"அண்டைக்கும் எங்கட பிள்ளையள் சிரிச்சுக்கொண்டுதான் பாத்துக்கொண்டு நிண்டவை, தம்பி."