வெள்ளிச் சாயத்துக்குள் ஒரு மஞ்சள் கோடு

என் மேசையில் உள்ளங்கை அகலத்துக்கு ஓர் இரும்புத் துண்டு கிடக்கிறது. ஒரு பக்கம் வெள்ளிச் சாயம், நேற்று அடித்தது போல. மறுபக்கம் வெட்டி மெருகேற்றியது. பூதக் கண்ணாடி வைத்துப் பார்த்தால் மயிரிழை போன்ற விரிசல்கள் தெரியும். ராசா என்ற ஊரில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வருகிறவர்கள், பழைய இரும்புக்கு இவ்வளவு மரியாதையா என்று கேலி செய்வார்கள். அண்ணி கொடுத்தது என்று மட்டும் சொல்வேன். என் உயிரைக் காப்பாற்றியது என்று சொன்னால் யார் நம்புவார்கள்?

அண்ணனும் நானும் கோலா பிலா பக்கத்து எஸ்டேட்டில் பிறந்தவர்கள். அப்பா அங்கே லோரி ஓட்டினார். ஆயுத பூஜைக்கு அந்த லோரியைக் கழுவித் துடைத்து, சந்தனம் வைத்து, மாலை போடுவதற்குள் பொழுது சாய்ந்துவிடும். பிறகு நாங்கள் இருவரும் செம்பனைத் தோட்டங்களை ஒட்டிய ஒரு கச்சா எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையில் சேர்ந்தோம். அண்ணன் இரும்புச் சாமான் கிடங்குக்கு மேற்பார்வையாளர், நான் குழாய் பொருத்துபவன். அப்பாவின் பழக்கத்தை அண்ணன் கிடங்குக்கே கொண்டு வந்துவிட்டார். "சாமி கும்புடுற எடத்துல துரு தெரியக்கூடாதுலா" என்பார். ஒரு வருஷம் ஆட்களை விட்டுக் கிடங்கில் இருந்த குழாய்களுக்கெல்லாம் நுனி முதல் அடி வரை வெள்ளிச் சாயம் அடிக்கச் சொன்னார். பூஜை அமர்க்களமாக நடந்தது.

குரோமியம் கலந்த எஃகுக் குழாய்களுக்கு மட்டும் ஒரு மஞ்சள் கோடு உண்டு. அதுவும் சாயத்துக்குள் போனதை அன்றைக்கு யாரும் கவனிக்கவில்லை. கோடு இல்லாவிட்டால் அந்த எஃகுக்கும் சாதாரண எஃகுக்கும் வெறும் கண்ணுக்கு வித்தியாசமே கிடையாது. பிறகு எப்போதோ, குரோமியம் கலந்தது என்று நினைத்து எடுத்த ஒரு சாதாரணத் துண்டு, சூடான ஹைட்ரஜன் ஓடும் அழுத்தக் கலனின் கழுத்துக் குழாயாகப் போய் உட்கார்ந்தது. அதன் அடியில்தான் ஆண்டுக்கணக்கில் எனக்கு வேலை.

அண்ணி பரிசோதனை நிறுவனம் ஒன்றில் பொறியாளர். ஒரு தீபாவளிக்குச் சில நாட்கள் முன்பு, பராமரிப்புக்காக ஆலையை நிறுத்தியிருந்தபோது எங்களிடம் வந்தார். கையில் ஒரு கருவி. இரும்பில் வைத்தால் அதில் என்னென்ன கலந்திருக்கிறது என்று காட்டும். கலனின் கழுத்தில் வைத்தவர் மறுபடியும் வைத்துப் பார்த்தார். "குரோமியமே இல்லலா, தம்பி" என்றார்.

மேலாளருக்கு ஆலையை ஓட்டும் அவசரம். குழாயின் கனம் துளியும் குறையவில்லை, அடுத்த முறை பார்த்துக்கொள்ளலாம் என்றார். அண்ணி அசையவில்லை. "இது தேயுற நோய் இல்ல சார். அந்தச் சூட்டுல ஹைட்ரஜன் இரும்புக்குள்ள புகுந்துடும். அங்க இருக்குற கரியோட சேந்து மீத்தேன் ஆயிடும். ஹைட்ரஜன் உள்ள நுழையும், மீத்தேனால வெளிய வர முடியாது. அடைஞ்சு கெடந்து முட்டி முட்டி உள்ளயே விரிசல் விடும். கனம் அப்படியே இருக்கும், பலம் போயிடும். வெட்டித்தான் பாக்கணும்." குரோமியம் இருந்தால் கரியைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும், ஹைட்ரஜனிடம் எளிதில் விடாது என்றும் விளக்கினார்.

சாதாரண எஃகு அங்கே எப்படி வந்தது என்று மேலாளர் கேட்டார். வெள்ளிச் சாயத்தைப் பார்த்ததுமே அண்ணிக்குப் புரிந்திருக்கும். சொன்னால் புருஷன் வேலை போகும், சொல்லாவிட்டால் இன்னும் எத்தனை துண்டுகள் எங்கெங்கே இருக்கின்றனவோ. என் பக்கத்தில் நின்ற அண்ணனை அண்ணி பார்த்தார். கோபப் பார்வை இல்லை, காத்திருக்கும் பார்வை.

அண்ணன் தலைக்கவசத்தைக் கழற்றினார். "சாயம் அடிக்கச் சொன்னது நான்தான் சார். பூஜைக்கு. கோட்டையும் சேத்து அடிச்சிட்டாங்க. முதல்ல இத வெட்டுங்க, மத்தத நானே காட்டுறேன்."

வெட்டினார்கள். விரிசல் பாதிக் கனத்தைத் தாண்டியிருந்தது. மேலாளரே அந்தத் துண்டைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, மற்ற குழாய்களையும் சோதிக்கச் சொன்னார். அண்ணனுக்குத் திட்டு விழுந்தது, வேலை போகவில்லை. அவரும் அண்ணியும் அந்தத் தீபாவளியை ஆலையில் குழாய் குழாயாக ஏறி இறங்கிக் கழித்தார்கள். வீட்டிலிருந்து முறுக்குக் கொண்டு போய்க் கொடுத்தேன். அவ்வளவு ஒற்றுமையாக அவர்களை அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

அண்ணி இப்போது இல்லை. ஆலையில் பூஜையும் சாயமும் நின்றுவிடவில்லை. ஆனால் புதிய ஆட்களின் தூரிகை மஞ்சள் கோட்டுக்கு முன்பே நின்றுவிடுகிறது. அதைப் பார்க்கும்போதெல்லாம் அண்ணி அங்கேதான் எங்கேயோ ஏணியில் நிற்கிறார் என்று எனக்குச் சந்தோஷமாக இருக்கும்.

இந்த வருஷம் ஆயுத பூஜைக்கு அண்ணன் எங்கள் வீட்டுக்கு வந்தார். மேசையில் இருந்த துண்டை எடுத்து, சாயம் அடித்த பக்கத்தில் சந்தனமும் குங்குமமும் வைத்தார். வெட்டிய பக்கத்திலும் வைக்கப் போன என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அந்தப் பக்கம் வேணாம்லா. நாம எல்லாரும் பாக்கணும்னு உங்க அண்ணி வெட்டுனது."